ரிலேயா, சுவிட்சா, வெறும் வயரா? காரில் ஆம்ப்ளிஃபையரை எழுப்பும் வழிகள்

காரில் ஆம்ப்ளிஃபையர் பொருத்துகிறவர்களில் இரண்டு கட்சிகள் உண்டு. ஒரு கட்சிக்கு எதைத் தொட்டாலும் ரிலே, அதாவது மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச், வேண்டும். மறு கட்சி, டாஷ்போர்டில் இருக்கும் பாட்டுப்பெட்டியான ஹெட் யூனிட்டின் முதுகில் தொங்கும் நீல-வெள்ளை வயரில் கையில் கிடைத்ததையெல்லாம் முறுக்கிவிட்டு, "ஓடுகிறதல்லவா, பிறகென்ன?" என்று டாஷ்போர்டை மூடிவிடும். நான் இரண்டிலும் இருந்து பார்த்தவன். முதல் கட்சியில் இருந்தபோது தேவையில்லாத ரிலேக்களை வாங்கிக் குவித்தேன். இரண்டாவதில் இருந்தபோது ஒரு ஹெட் யூனிட்டின் ரிமோட் வெளியீடு செத்தது.

குழப்பம் எங்கே தொடங்குகிறது என்றால், ஆம்ப்ளிஃபையருக்குப் போகும் மூன்று வயர்களும் ஒரே வேலையைச் செய்வதாக நினைப்பதில். பேட்டரியிலிருந்து வரும் தடித்த வயரில்தான் உழைப்பெல்லாம்; பத்துக்கணக்கான ஆம்பியர் அதில் ஓடுகிறது. அதே தடிமனில் இன்னொன்று பாடியில் எர்த் ஆகிறது. மூன்றாவதான ரிமோட் வயர், அதாவது ஹெட் யூனிட்டிலிருந்து வரும் அந்த நீல-வெள்ளை வயர், வெறும் செய்தி சொல்கிற வயர். அதில் 12 வோல்ட் வந்தால் ஆம்ப்ளிஃபையருக்குள் இருக்கும் ஒரு சிறு சுற்று, உள்ளே உள்ள மின்வழங்கியை எழுப்பிவிடும். தடித்த வயரில் எந்நேரமும் மின்சாரம் காத்திருக்கிறது. அதைத் திறந்து மூடும் வேலையை ஆம்ப்ளிஃபையரே செய்துகொள்கிறது. அதாவது, பெரிய மின்னோட்டத்தைச் சிறிய மின்னோட்டத்தால் கட்டுப்படுத்துவதுதான் ரிலேயின் வேலை என்றால், அந்த வேலைக்கு உள்ளே ஏற்கெனவே ஆள் இருக்கிறது.

யாருக்கு எவ்வளவு பசி

எனவே ரிலேயா சுவிட்சா என்ற கேள்விக்கு முன்னால் ஒரு கூட்டல் கணக்கு இருக்கிறது. ஹெட் யூனிட்டின் ரிமோட் வெளியீடு எவ்வளவு தரும், அதில் தொங்குபவை எவ்வளவு கேட்கும்? பல ஹெட் யூனிட்டுகளின் கையேடுகளில் உச்ச அளவாக 300 மில்லி ஆம்பியர் என்று இருக்கும். உங்களுடையதில் வேறு எண் இருக்கலாம், கையேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆம்ப்ளிஃபையரின் ரிமோட் முனை கேட்பது பெரும்பாலும் சில மில்லி ஆம்பியரிலிருந்து சில பத்து மில்லி ஆம்பியர் வரைதான். தாராளமாகவே கணக்கிடுவோம்: ஒன்றுக்கு 20 என்றால் இரண்டு ஆம்ப்ளிஃபையருக்கு 40. ஒலியைச் சீரமைக்கும் ஒலிச் செயலி ஒன்று இருந்தால் இன்னொரு 20. மொத்தம் 60. இன்னும் 240 மிச்சம் இருக்கிறது. ஆனால் ஆம்ப்ளிஃபையரின் சூட்டைத் தணிக்க இரண்டு சிறு விசிறிகளை அதே வயரில் இணைத்தால் ஒவ்வொன்றும் 150 வரை இழுக்கக்கூடும். தாழ்ந்த ஒலிக்கான ஸ்பீக்கரான வூஃபரின் பெட்டிக்கு ஒரு எல்இடி பட்டை ஒட்டினால் அதன் நீளத்தைப் பொறுத்து இன்னும் சில நூறு. நான் ஹெட் யூனிட்டைக் கொன்றது இப்படித்தான். பழி ஆம்ப்ளிஃபையர்மேல் விழுந்தது; குற்றவாளிகள் விசிறியும் விளக்கும்.

இப்போது ரிலேயின் பசியையும் பாருங்கள். காரில் வழக்கமாகப் போடும் 12 வோல்ட் ரிலேயில், தொடுமுனையை இழுக்கும் சுருளுக்கு மின்தடை 80 முதல் 100 ஓம் வரை. 12 வோல்ட்டில் அது 120 முதல் 150 மில்லி ஆம்பியர் வரை இழுக்கும். எஞ்சின் ஓடி மின்னழுத்தம் 14-க்கு ஏறும்போது இன்னும் கொஞ்சம் கூடும். இருபது கேட்கும் ஆம்ப்ளிஃபையரிடமிருந்து ரிமோட் வெளியீட்டைக் காப்பாற்ற நூற்றைம்பது கேட்கும் ரிலேயைப் போடுகிறோம். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம். ஒரே ரிமோட் வெளியீட்டில் இரண்டு ரிலேக்களைத் தொங்கவிட்டால், எதைத் தவிர்க்க ரிலே வாங்கினோமோ அந்த எல்லையையே தொட்டுவிடுகிறோம்.

ஆகவே ஓர் ஆம்ப்ளிஃபையர், அல்லது இரண்டு, வேறு பாரம் எதுவும் இல்லை என்றால் என் தீர்ப்பு வெறும் வயர். 0.75 சதுர மில்லிமீட்டர் வயர் ஒன்றே போதும். ஒரு பொறி மட்டும் கவனிக்க வேண்டும்: பல ஹெட் யூனிட்டுகளில் நீல-வெள்ளை வயருடன் தனி நீல வயர் ஒன்றும் இருக்கும். அது மின் ஆன்டெனாவை உயர்த்துவதற்கானது. பல மாடல்களில் ரேடியோ பாடும்போது மட்டும் உயிர் பெறும். அதில் ஆம்ப்ளிஃபையரை இணைத்தவர், ரேடியோவிலிருந்து யுஎஸ்பிக்கு மாறியதும் பாட்டு நின்றுவிடுகிறது என்று ஆம்ப்ளிஃபையரைக் கழற்றி மேசையில் போட்டுக் குடைந்துகொண்டிருப்பார்.

நடுவில் ஒரு சுவிட்ச்

வூஃபரை மட்டும் அவ்வப்போது அடக்கிவைக்க வேண்டும். பின் இருக்கையில் குழந்தை தூங்குகிறது அல்லது இரவு நேரத்தில் தெருவுக்குள் நுழைகிறோம். இந்தத் தேவைக்கு ரிமோட் வயரை வெட்டி நடுவில் ஒரு சுவிட்சைப் போடுவதே மிகச் சிறந்த வழி என்பது என் கருத்து. வூஃபர் ஆம்ப்ளிஃபையருக்குப் போகும் கிளையை மட்டும் வெட்ட வேண்டும். முன் ஸ்பீக்கர்களின் கிளையைத் தொட வேண்டாம். ஓடுவது இருபது மில்லி ஆம்பியர் என்பதால் எவ்வளவு சிறிய சுவிட்சும் தாங்கும். எல்லாவற்றையும்விட, மறதியை மன்னிக்கும் இணைப்பு இது. சுவிட்ச் ஆன் நிலையிலேயே கிடந்தாலும், ஹெட் யூனிட் அணைந்தால் ஆம்ப்ளிஃபையரும் அணைந்துவிடும்.

வூஃபரின் அளவைக் குறைப்பதுதான் தேவை என்றால் சுவிட்ச் வேண்டாம். பல ஆம்ப்ளிஃபையர்களுடன் வரும் பேஸ் குமிழையே டாஷ்போர்டில் பொருத்திக்கொள்ளலாம். ஆனால் குமிழைப் பூஜ்யத்துக்குத் திருப்பினாலும் ஆம்ப்ளிஃபையர் விழித்தே இருக்கும், சும்மா இருந்தபடியே மின்சாரம் குடிக்கும். முழுதாக நிறுத்தச் சுவிட்ச், அளவோடு வைக்கக் குமிழ். நான் இரண்டையும் வைத்திருக்கிறேன்; குமிழை எப்போது கடைசியாகத் தொட்டேன் என்று நினைவில்லை.

வெளிச்சம் தரும் ராக்கர் சுவிட்ச் வாங்குகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. அதில் மூன்று முனைகள் இருக்கும்: ஒன்றில் மின்சாரம் வரும், ஒன்றிலிருந்து பாரத்துக்குப் போகும், மூன்றாவது உள்ளே இருக்கும் சிறு விளக்குக்கான எர்த். பாரத்துக்கான முனையையும் எர்த் முனையையும் மாற்றி இணைத்தால், சுவிட்சைப் போட்ட கணத்தில் வரும் மின்சாரம் நேரே பாடிக்குப் போய்விடும். நடுவில் ஃபியூஸ் இருந்தால் அது உருகும். ரிமோட் வயரில் ஃபியூஸ் இல்லாமல் இதைச் செய்தால் ஹெட் யூனிட்டின் வெளியீடுதான் ஃபியூஸின் வேலையைச் செய்யும், ஒரே ஒரு முறை. அதனால் ரிமோட் வயரின் தொடக்கத்தில் அரை ஆம்பியர் ஃபியூஸ் ஒன்றை வைத்துவிடுகிறேன்.

தனியே மின்சாரம் எடுத்த சுவிட்ச்

ஹெட் யூனிட்டை நம்பாமல், எப்போதும் மின்சாரம் உள்ள வயரிலிருந்து ஒரு சுவிட்ச் வழியாக ரிமோட் முனைக்கு 12 வோல்ட் கொடுப்பது இன்னொரு வழி. பொருத்துவது எளிது, புரிந்துகொள்வது எளிது. மறப்பதும் எளிது. மாலை காரை நிறுத்தி, சாவியை எடுத்து, கதவைப் பூட்டி, நிம்மதியாகத் தூங்கி எழுந்து, காலையில் ஸ்டார்ட்டர் 'டிக்' என்றதோடு நின்ற நாளை நான் மறக்கவில்லை. பாட்டே பாடாத ஆம்ப்ளிஃபையர் ஒன்று ஓர் ஆம்பியர் வரை சும்மா குடித்துக்கொண்டிருக்கக்கூடும். அப்படி இரண்டு இருந்தால் 60 ஆம்பியர்-மணி பேட்டரி ஏட்டுக் கணக்குப்படி 30 மணி நேரத்தில் காலி. எஞ்சினைக் கிளப்பும் வலுவை அதற்கு வெகு முன்பே, வயதான பேட்டரி என்றால் ஒரே இரவில், அது இழந்துவிடும்.

இரண்டாவது தொல்லை 'டொப்' என்ற சத்தம். ஹெட் யூனிட் விழித்து நிதானமடைவதற்கு முன்பே ஆம்ப்ளிஃபையர் விழித்திருந்தால், ஹெட் யூனிட்டின் தொடக்கக் குலுக்கல் முழுவதும் பெரிதாகி ஸ்பீக்கரில் விழும். அணைக்கும்போதும் அதே கதை. ஆம்ப்ளிஃபையர் கடைசியில் எழுந்து முதலில் தூங்க வேண்டும். தனிச் சுவிட்சில் இந்த ஒழுங்கு நம் விரலை நம்பி இருக்கிறது. என் விரலை நான் நம்புவதில்லை.

காரோடு வந்த ஹெட் யூனிட்டில் ரிமோட் வெளியீடே இல்லை என்றால் என்ன செய்வது? அப்போதும் இந்த வழி தேவையில்லை. சாவி திருப்பினால் மட்டும் உயிர் பெறும் அக்சசரி வரியில் ஃபியூஸ் பெட்டியிலிருந்தே ஒரு கிளை எடுக்கலாம். பேட்டரி காலியாகும் ஆபத்து போய்விடும். 'டொப்' மட்டும் இருக்கலாம். அதைவிட நான் விரும்புவது, தானே உணர்ந்து எழும் ஆம்ப்ளிஃபையர் அல்லது ஸ்பீக்கர் வயரின் ஒலியை ஆம்ப்ளிஃபையருக்கு ஏற்றதாக மாற்றித் தரும், அந்த வசதியுள்ள ஒலிமாற்றி. பெரும்பாலான ஹெட் யூனிட்டுகளின் ஸ்பீக்கர் வயர்களில், பாட்டு இல்லாதபோதும், பாடியோடு ஒப்பிட்டால் 6 வோல்ட்டுக்கு அருகில் ஒரு நேர்மின்னழுத்தம் நின்றுகொண்டிருக்கும். அதைக் கண்டதும் ஆம்ப்ளிஃபையர் எழும். அது போனதும் தூங்கும். தனி ரிமோட் வயர் இழுக்கும் வேலையே மிச்சம்.

நிற்கும் காரில் வேலை பார்க்கிறவர்கள் மூன்று நிலைச் சுவிட்ச் போடுவதுண்டு: ஒரு பக்கம் ஹெட் யூனிட், நடுவில் அணைப்பு, மறு பக்கம் நேரடி மின்சாரம். சோதனை செய்கிறவருக்கு நல்ல வசதி. மற்றவர்களுக்கு அந்தக் கடைசி நிலை, மேலே சொன்ன காலைப்பொழுதுக்கான அழைப்பு.

ரிலே எப்போது

விசிறிகளும் விளக்குகளும் கூடிக் கணக்கு 300-ஐ நெருங்கும்போது ரிலேவுக்கு வேலை வருகிறது. 200-ஐத் தாண்டினாலே நான் யோசிக்கத் தொடங்கிவிடுவேன். அப்போதும் ஒரே ஒரு ரிலே. அதன் தொடுமுனைப் பக்கத்திலிருந்து எல்லாவற்றுக்கும் கிளை.

ரிலேயின் அடியில் உள்ள எண்கள் மிரட்டும். ஆனால் அவை நட்பானவை. டிஐஎன் 72552 என்ற ஜெர்மன் தரத்திலிருந்து வந்தவை. 85-உம் 86-உம் சுருள். 30-இல் பேட்டரியின் மின்சாரம், ஃபியூஸ் வழியாக. சுருள் இழுத்ததும் 30 போய் 87-ஐத் தொடும். சுருள் ஓய்ந்திருக்கும்போது 30 தொட்டுக்கொண்டிருப்பது 87ஏ. நமக்கு வேண்டியது 87. இதை 87ஏ-இல் இணைத்தால் கார் நிற்கும்போது விசிறி சுற்றும், பாட்டுப் பாடும்போது நிற்கும். ஐந்து முனை ரிலேக்களில் இன்னொரு வகையும் உண்டு: 87ஏ இருக்கும் இடத்தில் இன்னொரு 87. பார்வைக்கு இரண்டும் ஒன்றே. அவசரத்தில் ஒன்றின் இடத்தில் மற்றதைச் செருகிவிட்டு வயரிங்கில் பிழை தேடுவது ஒரு முழு மாலையைத் தின்னும்.

சுருளில் மின்சாரம் அறும் கணத்தில் அது எதிர்த்திசையில் ஓர் உதை கொடுக்கும். 12 வோல்ட்டில் இருந்த சுருள் அந்தக் கணத்தில் 100 வோல்ட்டையும் தாண்டும். அந்த உதையை வாங்குவது ஹெட் யூனிட்டின் வெளியீட்டில் உள்ள சிறு டிரான்சிஸ்டர். தடுக்க வழி மலிவானது: 85-க்கும் 86-க்கும் குறுக்கே, ஒரே திசையில் மட்டும் மின்சாரத்தை விடும் 1என்4007 டையோடு ஒன்று, கோடு போட்ட முனை பாசிட்டிவ் பக்கம். திருப்பிப் போட்டால் ரிமோட் வெளியீடு நேரே எர்த் ஆகிவிடும், ஆகவே ஒருமுறைக்கு இருமுறை பாருங்கள். உள்ளேயே டையோடு வைத்த ரிலேக்களும் கிடைக்கின்றன. அவற்றில் சுருளுக்கும் திசை உண்டு, ரிலேயின் மேல் அச்சிட்ட படம் சொல்லும்.

ரிலேயோடு சுவிட்சும் வேண்டுமா? அப்படியானால் சுவிட்சைச் சுருள் பக்கம் வையுங்கள், தொடுமுனைப் பக்கம் அல்ல. அதிலும் எர்த் பக்கம் வைப்பது எனக்குப் பிடித்தது: ரிமோட் நேரே 86-க்கு, 85-இலிருந்து ஒரு வயர் டாஷ்போர்டுச் சுவிட்சுக்கு, அங்கிருந்து பாடிக்கு. அந்த வயர் எங்காவது தகட்டில் உரசித் தோல் கிழிந்தாலும் ரிலே இழுத்துக்கொள்ளும், அவ்வளவுதான், எதுவும் எரியாது. பாசிட்டிவ் பக்கம் சுவிட்ச் வைத்திருந்தால் அதே உரசல் ஹெட் யூனிட்டின் வெளியீட்டைப் பாடியோடு சேர்த்துவிடும்.

தொடுமுனைப் பக்க வயரின் தடிமனை மறந்துவிடக் கூடாது. விசிறியும் விளக்கும் சேர்ந்து 3 ஆம்பியர் என்று வையுங்கள். 5 மீட்டர் தூரத்துக்கு 0.75 சதுர மில்லிமீட்டர் வயர் மூன்றில் ஒரு வோல்ட்டை விழுங்கும். 1.5 சதுர மில்லிமீட்டர் என்றால் அதில் பாதி. ஃபியூஸ் 5 ஆம்பியர், பேட்டரி முனையின் அருகில். ஃபியூஸ் காப்பது விசிறியை அன்று, வயரை.

விசிறி மட்டும்தான் பாரம் என்றால், ரிலேவுக்குப் பதிலாக சுவிட்சாக வேலை செய்யும் டிரான்சிஸ்டர் வகையான ஒரு பி-சேனல் மாஸ்ஃபெட்டும் ஒரு சிறு டிரான்சிஸ்டரும் கொண்ட சுற்று இன்னும் அழகான விடை. ரிமோட்டிடம் ஒரு மில்லி ஆம்பியர் போல்தான் கேட்கும். 'கிளிக்' இல்லை, உதை இல்லை. சால்டரிங் கை பழகாதவர்களுக்கு நான் சிபாரிசு செய்ய மாட்டேன். ரிலே கெட்டால் சாக்கெட்டிலிருந்து பிடுங்கி வேறொன்றைச் செருகலாம். நடுவழியில் மாஸ்ஃபெட்டை மாற்ற முடியாது.

'டொப்' சத்தத்துக்காக ரிலேச் சுருளுக்குக் குறுக்கே பெரிய கெப்பாசிட்டர் வைக்கும் பழக்கம் ஒன்று இருக்கிறது. எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. 100 ஓம் சுருளுக்கு 10,000 மைக்ரோஃபேரட் வைத்தால் ஹெட் யூனிட் அணைந்த பிறகும் ஒரு விநாடிக்கு மேல் ரிலே பிடித்துக்கொண்டிருக்கும். நமக்கு வேண்டியது நேரெதிர்: எழும்போது தாமதம், தூங்கும்போது உடனடி. போதாததற்கு, காலியான கெப்பாசிட்டர் முதல் கணத்தில் ரிமோட் வெளியீட்டை உறிஞ்சும். தாமதம் வேண்டுமென்றால் அதற்கென்றே உள்ள டைமர் ரிலே வாங்கலாம். ஒலிச் செயலி இருந்தால் அதுவும் வேண்டாம். அதன் ரிமோட் வெளியீடு, செயலி நிதானமடைந்த பிறகுதான் ஆம்ப்ளிஃபையரை எழுப்பும்.

கை வைக்கக் கூடாத இரண்டு இடங்கள்

பேட்டரியின் தடித்த வயரில் ரிலே போடுவது முதலாவது. 80 ஆம்பியர் ஓடும் வயரில் 40 ஆம்பியர் ரிலேயின் கதி சொல்ல வேண்டியதில்லை. பெரிய ரிலேயானாலும், தொடுமுனையில் 2 மில்லி ஓம் மின்தடை இருந்தால் 80 ஆம்பியரில் கிட்டத்தட்ட 13 வாட் சூடு அங்கேயே எரிகிறது. காலியான ஆம்ப்ளிஃபையரின் கெப்பாசிட்டர்கள் முதல் கணத்தில் இழுக்கும் வேகத்தில் தொடுமுனைகள் ஒட்டிக்கொண்டுவிடும். ஒட்டிய ரிலே அணையாது. வாங்கிய நோக்கமே போயிற்று. காரை மாதக்கணக்கில் நிறுத்தி வைப்பவர்களுக்கு முழுத் துண்டிப்பு வேண்டுமென்றால், பேட்டரி முனையிலேயே பொருத்தும் கைச் சுவிட்ச் இருக்கிறது.

இரண்டாவது, ஒலிக் குறிகையை ஆம்ப்ளிஃபையருக்குக் கொண்டுபோகும் ஆர்சிஏ வயர்களை இந்த ரிலே வழியாக மாற்றி இரண்டு ஒலிமூலங்களை இணைப்பது. பத்துக்கணக்கான ஆம்பியருக்குச் செய்த தொடுமுனைகள் கொஞ்சம் மின்னோட்டம் பாய்ந்தால்தான் தம்மேல் படியும் மாசைத் தாமே எரித்துச் சுத்தமாக இருக்கும். ஒலிக் குறிகையில் அந்த வலு இல்லை. முதல் மாதம் நன்றாகப் பாடும். பிறகு கரகரக்கும், ஒரு பக்கம் மங்கும். தங்கப் பூச்சுத் தொடுமுனை கொண்ட சிறு குறிகை ரிலேக்கள் இதற்கென்றே இருக்கின்றன.

கூட்டல் கணக்கை ஏட்டில் போட்டது போதாது என்று இப்போதெல்லாம் மல்டிமீட்டரால் அளந்தும் பார்க்கிறேன். ரிமோட் வயரைக் கழற்றி, மீட்டரை 10 ஆம்பியர் துளையில் வைத்து இடையில் நுழைத்து, எல்லாவற்றையும் போட்டுப் பார்க்க ஐந்து நிமிடம் ஆகாது. என் காரில் இப்போது இரண்டு ஆம்ப்ளிஃபையர், ஒரு செயலி. விசிறியைக் கழற்றிவிட்டு ஆம்ப்ளிஃபையரை இருக்கைக்கு அடியிலிருந்து காற்றோட்டமான இடத்துக்கு மாற்றினேன். மீட்டர் காட்டியது 50-க்கும் கீழே. முன்பு வாங்கிய ஒரு ரிலே பிரிக்காமல் பெட்டியிலேயே இருக்கிறது, டையோடு ஒட்டியபடி.